பாதி வழின்னா சாத்தூர்

இந்தப் பக்கம் வந்து உக்காருங்க சார், அங்க வெயில் அடிக்கும். பத்தரை மணிக்கெல்லாம் நிழல் இங்கிட்டு வந்துரும். அஞ்சு வாரமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இந்த பெஞ்சுலதான உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா. மதுரைக்கா போறீங்க? இப்பத்தான் ஒண்ணு போச்சு. அடுத்தது வர இருபது நிமிஷம் ஆகும். போர்டுல எழுதிப் போட்டிருக்கத நம்பாதீங்க, அத எழுதுனவன் ரிட்டயர் ஆயிருப்பான். வெள்ளரிக்காய் வேணும்னா அந்தா அந்த அம்மாகிட்ட வாங்குங்க, பிஞ்சாப் பாத்துத் தரும். அதுக்கு என்னையத் தெரியும். "அண்ணாச்சி, இன்னைக்காவது வந்துருவாகளா"ன்னு வாராவாரம் கேக்கும்.

உங்க கையில இங்கிலீஷ் பேப்பர் இருக்கதப் பாத்துத்தான் பேச்சுக் குடுத்தேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க. படிச்சவங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும். ஆனா முழுசாச் சொல்லிட்டுத்தான் கேப்பேன். பாதியில நீங்க பதில் சொல்லிரப்பிடாது, என்ன.

என் பேரு ஆவுடையப்பன். திருநெல்வேலி. கவர்மெண்டு பஸ்ஸுல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆயி ரெண்டு வருஷம் ஆச்சு. டைம் கீப்பர்னா, பஸ்ஸ்டாண்டுல ஒரு கூண்டுக்குள்ள உக்காந்து, எந்த வண்டி எப்ப வந்துது, எப்ப கெளம்புச்சுன்னு எழுதுத வேலை. பாக்கதுக்குச் சின்ன வேலைதான். ஆனா நான் விசில் அடிக்கச் சொன்னாத்தான் வண்டி நகரும். கலெக்டரே உள்ள உக்காந்திருந்தாலும் நகராது. எங்க வீட்டுக்காரி பேரு வடிவு. இங்கிலீஷ் டீச்சர். நான் வீட்டுலயும் டீச்சர்னுதான் கூப்பிடுவேன். மொதல்ல வெளையாட்டுக்குக் கூப்பிட்டது, அப்புறம் அதுவே நெலச்சுப் போச்சு.

சாயங்காலம் கூடத்துல டியூஷன் எடுப்பா. இருபது பிள்ளைக இருக்கும். நான் மூலையில நாற்காலியப் போட்டுப் பேப்பர் படிப்பேன். காது சும்மா இருக்குமா? முப்பது வருஷம் சார். ஓசியிலேயே நான் இங்கிலீஷ் படிச்சிட்டேன். அதுலயும் ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனப் பாக்கதுக்கு வெள்ளைக்காரன் எத்தனை வார்த்தை வச்சிருக்கான் தெரியுமா? நமக்கு ஒண்ணே ஒண்ணுதான், "பாத்தேன்". அதோட சோலி முடிஞ்சுது. அவன் தற்செயலாப் பாத்தா ஒண்ணு, சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போயிப் பாத்தா ஒண்ணு, ரொம்ப நாள் கழிச்சுப் பாத்து விட்ட கதையெல்லாம் பேசுனா அதுக்கு ஒண்ணு. ஒரு நாள் போர்டுல எழுதுதா, "ஐ ரேன் இன்ட்டூ மை ஃபிரெண்ட்"னு. நான் பேப்பர எறக்கி வச்சிட்டு, "எந்த ஆஸ்பத்திரியில சேத்தீங்க டீச்சர்"னு கேட்டேன். பிள்ளைக எல்லாம் ஒரே சிரிப்பு. எங்க டிப்போவுல ரன் இன்ட்டூன்னா போலீஸ் கேஸு, வேற அர்த்தமே கெடையாது. அவ சிரிக்கல. "இடிக்காமயே ஒருத்தர ஒருத்தர் சந்திக்கலாம். அது உங்க அங்கிளுக்குத் தெரியாது"ன்னு பிள்ளைககிட்ட சொல்லுதா. அதுக்கும் பிள்ளைக சிரிச்சுது. நானும் சிரிச்சேன். நான் எதையும் மனசுல வச்சிக்கிட மாட்டேன்.

விட்ட கதை பேசுததுக்கு அவ எழுதுன "கேட்ச் அப்"க்கும் இதே கதைதான். லேட்டா வந்த வண்டி வேகமாப் போயி நேரத்தப் பிடிக்கதுதான் கேட்ச் அப்னு நான் எந்திரிச்சு நின்னே சொன்னேன். அன்னைக்கு அவ சாக்பீஸக் கீழ வச்சிட்டு அடுக்களைக்குள்ள போயிட்டா. காப்பி போடப் போறான்னு நெனச்சேன்.

சரி, விஷயத்துக்கு வாரேன்.

போன மே மாசம் அவ ரிட்டயர் ஆனா. ஜூன்ல ஒரு நாள் அவ குளிச்சிட்டிருக்கும்போது அவ போன் அடிச்சுது. நான் எடுத்தேன். மதுரையில ஏதோ நர்சிங் காலேஜாம். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போற நர்சுப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லிக் குடுக்கணுமாம். அங்கேயே தங்குறதுக்கு ரூம் குடுப்பாங்களாம். டீச்சரம்மா வருவாங்களான்னு கேட்டாங்க. நான் சொன்னேன், "இல்லம்மா, அவங்க முப்பத்திரெண்டு வருஷம் நின்னுக்கிட்டே பாடம் நடத்திட்டாங்க. காலெல்லாம் வீங்கிக் கெடக்கு. ரெஸ்ட் எடுக்காங்க, வர மாட்டாங்க"ன்னு. நல்ல மனசோடதான் சொன்னேன் சார். அவ காலுக்கு எண்ணெய் தேச்சு விடுதவன் நான்தான, எனக்குத் தெரியாதா? போன் வந்ததை அவகிட்ட சொல்ல மறந்துட்டேன். மறந்துட்டேன்னா... சொல்லல.

ரெண்டு வாரம் கழிச்சு பாளையங்கோட்டை மார்க்கெட்டுல கூட வேலை பாத்த ஒரு டீச்சரப் பாத்திருக்கா. பம்ப் இன்ட்டூ, தற்செயலாப் பாக்கது. அந்த வேலைக்கு இவ பேரச் சொன்னதே அந்தம்மாதானாம். "ஏன் வடிவு வேண்டாம்னு சொல்லிட்ட"ன்னு கேட்டிருக்காங்க. வீட்டுக்கு வந்தா. காய்கறிப் பையை வாசல்லயே வச்சிட்டா. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா"ன்னு கேட்டா. "கேட்டா நீ போறேன்னுதான சொல்லுவ"ன்னேன். இதுக்கு மேல என்ன பதில் சார் சொல்ல முடியும்? உண்மையைத்தான சொன்னேன்?

அவ கத்தல. கத்தியிருந்தா எனக்கும் நாலு வார்த்தை வந்திருக்கும், அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அந்தக் காலேஜுக்கு அவளே போன் பண்ணி மன்னிப்புக் கேட்டு, வேலைய வாங்கிட்டா. ஜூலை மொத வாரம் பெட்டி கட்டுனா. பெட்டியத் தூக்க நான் எந்திரிச்சேன். "ஸீ ஆஃப் பண்ண யாரும் வர வேண்டாம்"னு சொல்லிட்டா. வழியனுப்ப வராதேன்னு சொன்ன பெறவு எப்படிப் போக? நான் போகல. ஆனா அவ எந்த வண்டியப் பிடிப்பான்னு எனக்குத் தெரியும்லா? என் கூண்டுல இப்ப இருக்க பையனுக்குப் போன் பண்ணுனேன். "ஆறு பத்து வண்டியில அம்மா ஏறிட்டாங்களா"ன்னேன். "ஏறிட்டாங்க அண்ணாச்சி, மூணாவது சீட்டு, ஜன்னலோரம்"னான். "பக்கத்துல யாரு"ன்னேன். "ஒரு கைப்பிள்ளைக்காரி"ன்னான். வண்டி சரியா ஆறு பன்னெண்டுக்குக் கெளம்புச்சு. ரெண்டு நிமிஷம் லேட்டு.

அதுக்குப் பெறவு ஒரு மாசத்துக்கு மேல பேச்சில்ல. நான் பண்ணல, அவளும் பண்ணல. நேரா மதுரைக்குப் போயி நிக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. சொல்லாம கொள்ளாம போயி நின்னா அது டிராப் இன். அது வேண்டியவங்க வீட்டுக்கு. கோவிச்சிக்கிட்டுப் போனவ இருக்க எடத்துக்கு எப்படி டிராப் இன் பண்ண? மாத்திரைய எண்ணி முழுங்கிக்கிட்டு வீட்டுலயே கெடந்தேன். சும்மா சொல்லப்பிடாது, வீடு வீடாவே இல்ல. சாயங்காலம் அஞ்சரைக்கு கூடத்துல நாற்காலியப் போட்டு உக்காருவேன். பேப்பர்ல ஒரு வரி ஓடாது.

அப்பத்தான் ஆகஸ்டுல இந்த மெசேஜ் வந்துது. இந்தா, பாருங்க. கண்ணாடி இல்லேன்னா நானே சொல்லுதேன், மனப்பாடம். முன்னால மூணு நாள் இங்க, நாலு நாள் அங்கன்னு என்னமோ நாள் கணக்கு எழுதியிருக்கா, அதை விடுங்க. கடைசி வரியப் பாருங்க. "ஐ ஆம் வில்லிங் டு மீட் யூ ஹாஃப்வே." பாதி வழியில உங்களைச் சந்திக்கச் சம்மதம். எவ்வளவு தெளிவா எழுதியிருக்கா பாத்தீங்களா? முப்பது வருஷத்துல அவ என்னையப் பாக்கணும்னு எழுதுனது அதுதான் மொத தடவை.

உடனே கணக்குப் போட்டேன். அதுல என்னைய அடிச்சிக்கிட ஆளில்ல. திருநெல்வேலி புது பஸ்ஸ்டாண்டுல இருந்து மதுரை மாட்டுத்தாவணி நூத்தி அறுபது சொச்சம் கிலோமீட்டர். சரிபாதின்னா சாத்தூருக்குத் தெக்க மூணு கிலோமீட்டர்ல வருது. அங்க என்ன இருக்கு? வேலிக்கருவையும் ஒரு பஞ்சர் கடையும். அவ வயசுக்கு, அந்தக் கால வச்சிக்கிட்டு, ரோட்டுல எறங்கி நிக்க முடியுமா? அதனால அந்த மூணு கிலோமீட்டர நான் விட்டுக்குடுத்தேன். சாத்தூர் பஸ்ஸ்டாண்டு, ஞாயித்துக்கிழமை, பத்து மணின்னு இங்கிலீஷ்லயே பதில் எழுதுனேன். பத்து நிமிஷத்துல பதில் வந்துது. "சாத்தூர்?" அவ்வளவுதான், கூட ஒரு கேள்விக்குறி. எடத்த உறுதி பண்ணிக்கிடுதா. "எஸ், சாத்தூர்"னு போட்டேன். அதுக்கு மேல ஒண்ணும் வரல. சம்மதம்னுதான அர்த்தம்?

இருங்க இருங்க, நீங்க என்ன சொல்ல வாறீங்கன்னு தெரியும். என் மகனும் அதைத்தான் சொன்னான். அவன் ஓசூர்ல ஒரு கம்பெனியில இருக்கான். "அப்பா, அது எடம் இல்லப்பா. அம்மா பாதி விட்டுக்குடுக்காங்க, நீங்க பாதி விட்டுக்குடுங்கன்னு அர்த்தம். வாரத்துல மூணு நாள் அங்க, நாலு நாள் வீட்டுலன்னு அம்மா எறங்கி வந்திருக்காங்க, நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னான். அவனுக்கென்ன தெரியும்? அம்மா டியூஷன் எடுக்கும்போது மட்டையத் தூக்கிட்டு ஓடுன பய. நாற்காலியில உக்காந்து கேட்டவன் நானா, அவனா? மீட்டுன்னா சந்திக்கது. ஹாஃப்வேன்னா பாதி வழி. இதுல விட்டுக்குடுக்கது எங்க வந்துது? நீங்க தலைய ஆட்டாதீங்க சார். முடிச்சிருதேன்.

மொத வாரம் வந்தேன், அவ வரல. ரெண்டாவது வாரமும் வரல. ஒரு போன் போட்டா என்னன்னு மகன் கேட்டான். பாதி வழி நான் வந்தாச்சு. போனும் நான் போட்டா அது பாதிக்கு மேல ஆயிருதுல்லா? மதுரையில இருந்து ஒவ்வொரு வண்டி வரும்போதும் எந்திரிச்சுப் போயி, ஜன்னல் ஜன்னலாப் பாத்துட்டு வந்து உக்காருவேன். டிரைவர்க எல்லாம் பழகுன பிள்ளைக. "என்ன அண்ணாச்சி, ரிட்டயர் ஆகியும் டூட்டியா"ன்னு கேலி பண்ணுவானுங்க. சிரிச்சு வைப்பேன்.

போன வாரம் வந்தா.

ஆமா சார், வந்தா. பதினொண்ணே கால் வண்டி. நாலாவது ஜன்னல். நான் பாத்துட்டேன், அவ என்னையப் பாக்கல, வெள்ளரிக்காய்க்காரங்களப் பாத்துக்கிட்டிருந்தா. "வடிவு"ன்னேன். டீச்சர்னு வரல, வடிவுன்னு வந்துட்டு. திரும்பிப் பாத்தா. "நீங்க இங்க என்ன பண்ணுதீங்க"ன்னு கேட்டா. "என்ன பண்ணுதேனா? நீதான மீட் பண்ணுதேன்னு எழுதுன, நாலு வாரமா வந்து உக்காந்திருக்கேன்"ன்னேன். "நெசமாவே சாத்தூருக்கு வந்து உக்காந்திருந்தீங்களா"ன்னு கேட்டா. மொகத்துல சிரிப்பு வந்துது, உடனே கண்ணுல தண்ணியும் வந்துட்டு. எதுக்குன்னு எனக்குப் புரியல. ஜன்னல் கம்பிய விட்டுக் கைய வெளிய நீட்டி, என் சட்டைக் காலரச் சரி பண்ணி விட்டா. பெறவு சொன்னா, "ஏறுங்க. வீட்டுக்குத்தான் போறேன். பேசிக்கிட்டே போவோம்."

நான் என்ன சொல்லியிருக்கணும்? நீங்களே சொல்லுங்க. வேண்டாம், சொல்லாதீங்க. பேசி வச்ச எடம் சாத்தூரு. நான் நாலு வாரம் வெயில்ல காஞ்சு கெடந்த எடம். அவ எறங்கி ரெண்டு நிமிஷம் என் முன்னால நின்னா என்ன? அதுதான மரியாதை? "நீ எறங்கி வா"ன்னேன். அவ மொகம் மாறிப் போச்சு. "எப்பவும் நான்தான் எறங்கி வரணுமா"ன்னா. எப்பவுமா? அன்னைக்கு ஒரு நாள்தான சொன்னேன்? "பேசுனது பேசுனபடி நடக்கணும்"ன்னேன். "கால் வலிக்கு, ஏறுங்க"ன்னா. "அதான் அப்பவே சொன்னேன், கால் வலிக்கும்னு. காலேஜு, வேலைன்னு கெளம்புனா வலிக்காதா"ன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். வாயில வந்துட்டு.

வண்டி இங்க நிக்கது அஞ்சு நிமிஷம். எத்தனையோ வண்டிக்கு நான் கணக்கெழுதியிருக்கேன். அன்னைக்கு அஞ்சு நிமிஷம் போனதே தெரியல. கண்டக்டர் பையன் நல்லவன், விசில வாயில வச்சிக்கிட்டு என் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னான். நான் வாட்ச்சப் பாத்தேன். "டைம் ஆச்சுல்லா, எடுக்கச் சொல்லு"ன்னேன். பழக்கம் சார். நாப்பது வருஷப் பழக்கம். வண்டி போயிட்டு.

அடுத்த வண்டியப் பிடிச்சுப் பின்னாலயே போயிருக்கலாம். போகலியே. அடுத்த ஊரு கோவில்பட்டியில எறங்கித் திரும்பி வருவான்னு நெனச்சேன். மனசு கேக்காம வருவா, எனக்குத் தெரியும்னு நெனச்சேன். அஞ்சரை மணி வரைக்கும் இதே பெஞ்சுல இருந்தேன். வெள்ளரிக்காய்க்கார அம்மாதான் "வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி"ன்னு சொல்லிச்சு.

வீட்டுக்குப் போகும்போது ஏழே முக்கால். பூட்டிக் கெடந்துது. பக்கத்து வீட்டு செண்பகம் ஓடி வந்து சாவியக் குடுத்தா. என் சாவி இல்ல, வடிவு சாவி. முப்பத்தி மூணு வருஷமா அவ கைப்பையில கெடந்த சாவி. "உங்களுக்காக மூணு மணி வரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தாங்க அண்ணாச்சி. ரெண்டு தடவை தெருமுக்கு வரைக்கும் போயிப் பாத்துட்டு வந்தாங்க. பெறவு ஆட்டோ கூப்பிட்டு ரயிலுக்குப் போயிட்டாங்க"ன்னா. பஸ்ஸுல போகல பாருங்க. பஸ்ஸுல வந்திருந்தா நான் இங்கதான இருந்தேன்.

உள்ள போயிப் பாத்தா, சோறு வடிச்சு, புளிக்கறி வச்சு மூடியிருக்கு. என் மாத்திரை டப்பாவுல ஏழு நாளைக்கும் பிரிச்சுப் போட்டு வச்சிருக்கா. அலமாரியில அவ புஸ்தகம் ஒண்ணும் இல்ல. டியூஷன் போர்டத் தொடச்சு, சொவத்தப் பாக்கத் திருப்பி வச்சிருக்கா. சாப்பாட்டு மேசையில ஒரு சீட்டு. இந்தா, சட்டைப் பையிலதான் வச்சிருக்கேன். இதுக்குத்தான் உங்ககிட்ட பேச்சுக் குடுத்தேன். இங்கிலீஷு எனக்குத் தெரியும், அதுல சந்தேகம் இல்ல. இது தமிழு. படிங்க.

"சாவியை செண்பகத்திடம் கொடுத்திருக்கிறேன். மாத்திரையை மறக்க வேண்டாம். உங்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வடிவு."

அவ்வளவுதான். பின்பக்கம் ஒண்ணும் இல்ல, நானும் திருப்பிப் பாத்துட்டேன். அவளப் பத்தி ஒண்ணு சொல்லணும் சார். கோவம்னா அவளுக்கு இங்கிலீஷ்தான் வரும். கல்யாணம் ஆன மொத வருஷத்துல இருந்து அப்படித்தான். சண்டைன்னா மளிகைச் சீட்டக்கூட இங்கிலீஷ்லதான் எழுதி வப்பா. போன்ல எனக்கு வந்த ஒவ்வொரு மெசேஜும் இங்கிலீஷு. அப்படிப்பட்டவ இதைத் தமிழ்ல எழுதியிருக்கா. கையெழுத்துல ஒரு கிறுக்கல் கெடையாது. கோவம் இல்லைன்னு அவளே எழுதியிருக்கா.

அதான் இன்னைக்கும் வந்துட்டேன். அவ சாவியும் கொண்டாந்திருக்கேன், அவ கையிலயே குடுத்துரலாம்னு. அந்தா, உங்க வண்டி வந்துட்டு. முன்னால ஏறுங்க, பின்னால கூட்டம். நானுமா? நான் எப்படி சார், அவ இங்க வந்து பாத்துட்டு ஆளக் காணும்னு போயிட்டான்னா? நீங்க ஏறுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. இந்தச் சீட்டப் படிச்ச நாள்ல இருந்து எனக்குச் சோறு எறங்கல. அவ கத்திட்டுப் போயிருந்தாக்கூட இப்படிப் பயந்திருக்க மாட்டேன். ஏன்னு தெரியல. கோவம் தீந்துட்டுன்னா நல்லதுதான சார்?